எந்த நாட்டுப் பண்டிகையை வீட்டுக்கு அழைக்கலாம்?

இந்த விடுமுறையை இன்னொரு நாட்டின் பண்டிகையோடு குடும்பமாகக் கொண்டாடுவது என்று முடிவெடுத்தாயிற்று. எந்தப் பண்டிகை என்பதில்தான் இழுபறி. போட்டோவில் எது பளிச்சென்று இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே ஜெயித்துவிடுகிறது. என் அளவுகோல் வேறு: வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் அதில் வேலை உண்டா? ஜப்பானின் தனபாத்தா, மெக்சிகோவின் இறந்தோர் நாள், ஈரானின் நவ்ரூஸ் மூன்றையும் அப்படி எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஏற்பாட்டுக்கு நேரமே இல்லையென்றால் தனபாத்தா. ஜூலை 7. ஒரு மூங்கில் கிளை, வண்ணக் காகிதப் பட்டைகள், நூல் போதும். அவரவர் ஆசையை எழுதிக் கட்ட வேண்டியதுதான். எழுதத் தெரியாத வாண்டு படம் வரையட்டும். பால்வீதியின் இரு கரைகளில் பிரிந்து கிடக்கும் நெசவுக்காரி ஒரிஹிமேயும் மாடு மேய்க்கும் ஹிகோபோஷியும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு அது. கதையோடு நிறுத்தாமல் வெளியே கூட்டிப்போய் இருவரையும் வானத்திலேயே காட்டலாம்: வேகா நட்சத்திரம் அவள், அல்டேர் அவன். மேகம் மூடினால்? ஜப்பானிலும் அதே தொல்லைதான். ஜூலை தொடக்கத்தில் அங்கே மழைக்காலம் முடிந்திருக்காது. செண்டாய் நகரம் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது, அந்தத் தேதியை எடுத்துக்கொள்ளலாம். குறை ஒன்றுதான்: ஒரே மாலையில் முடிந்துவிடும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் அலுத்துப்போகும்.

மெக்சிகோவுக்கு நவம்பர் 1, 2. முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு கொண்டாடிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. மெக்சிகோ சிட்டியின் அந்தப் பிரம்மாண்ட ஊர்வலமே 2016-இல்தான் தொடங்கியது, அதுவும் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்த கற்பனை ஊர்வலத்தைப் பார்த்து! பண்டிகையின் உயிர் வீட்டுப் படையல் மேசையில் இருக்கிறது. போனவர்களின் போட்டோ, மெழுகுவர்த்தி, உப்பு, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, நெடுந்தூரம் வந்த ஆத்மாவின் தாகத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், வழிகாட்ட செண்டுமல்லி. (அந்தப் பூவின் பூர்வீகமே மெக்சிகோதான்.) முதல் நாள் குழந்தையாக இறந்தவர்களுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இதில் தாத்தா பாட்டிக்குத்தான் முதலிடம். பேரப்பிள்ளைகள் பார்த்தேயிராத மனிதர்களின் கதைகள் அவர்களிடம்தானே இருக்கின்றன. ஆனால் வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்திருந்தால் இந்த வருடம் இதைத் தொட வேண்டாம். பண்பாட்டை அறிந்துகொள்கிறோம் என்று ஆறாத புண்ணைக் கிளறக் கூடாது.

என் ஓட்டு நவ்ரூஸுக்கு. காரணம், அது வீட்டில் ஒரு மாதம் தங்கும். மார்ச் 20 வாக்கில், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நொடியில் புத்தாண்டு பிறக்கிறது. அந்த நொடி உலகம் முழுக்க ஒன்றுதான், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. நள்ளிரவானாலும் குடும்பம் மேசையைச் சுற்றிக் காத்திருக்கும். மேசையில், பாரசீக மொழியில் ‘சீன்’ (நம் ‘ஸ’ ஒலி) எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள்: ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக் என்ற புளிப்பு மசாலா என்று போகும் பட்டியல். கூடவே கண்ணாடி, வண்ணம் தீட்டிய முட்டைகள்.

ஏழில் முக்கியமானது முளைப்பயிர். இரண்டு வாரம் முன்பே கோதுமையையோ முழு மசூரையோ ஊறவைத்து, தட்டில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். முளை எழும்பியதும் துணியை எடுத்துவிட்டுத் தினமும் தண்ணீர் தெளிக்கணும். ஊற்றினால் தேங்கிப் பூஞ்சணம் பிடித்து நாறும். விரல்நீளம் வளர்ந்ததும் சுற்றிலும் ரிப்பன். இந்தப் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் விட்டுவிட்டால் நினைவூட்டவே தேவையிருக்காது. முட்டைக்கு இன்னொருவர், சமையலுக்கு இருவர். 13-ஆம் நாள் எல்லோரும் வெளியே கிளம்பி, அந்தப் பயிரை ஓடும் நீரில் விட்டுவிட்டு அங்கேயே சாப்பிட்டு வருவார்கள்.

தொட்டியில் தங்கமீன் வைக்கும் வழக்கமும் உண்டு. மீன் பாவம், விட்டுவிடலாம். நவ்ரூஸுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய் மாலை நெருப்பைத் தாண்டும் வழக்கத்தையும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தவிர்ப்பது நல்லது.

மார்ச்சைத் தவறவிட்டவர்கள் வேறொரு தேதிக்குத் தள்ளிவைத்துக் கொண்டாட வேண்டாம். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் அந்த நொடி இல்லாமல் நவ்ரூஸ் இல்லை. ஆகஸ்டில் மூங்கில் கிளையைக் கட்டுங்கள். அடுத்த மார்ச் முதல் வாரம் மசூரை ஊறப்போடுங்கள்.