லோட்ஷெடிங் ஊரில் லினக்ஸ் டிரைவர்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக் கணினியைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய டெஸ்க்டாப். ஓடுவது, இந்த நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கிவைத்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அதன் வேகம், அழகு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு சாதனம் கெட்டால் அதன் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) நம்மிடம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டர்பன்வாசிகளுக்கு 2023ஆம் வருட லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) மறந்திருக்காது. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் நேரம்தான் பயம். டிஸ்க்கா, ஹப்பா, கேபிளா, எது போனது என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும். அப்போது கை கொடுப்பது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவு ஒன்றுதான்.

ஹார்டுடிஸ்க் பக்கம் எனக்கு முழுத் திருப்தி. எந்தப் போர்ட், எந்தக் கட்டளை தோற்றது, டிஸ்க்கின் எந்தப் பகுதி (செக்டார்) என்று எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். 'யுஎன்சி' என்று வந்தால் டிஸ்க்கால் அந்த இடத்தைச் சரியாகப் படிக்க முடியவில்லை. 'ஐசிஆர்சி' என்று வந்தால் தரவு கேபிள் வழியில் சிதைந்திருக்கிறது. எங்கள் கணினியில் வந்தது இரண்டாவது. சாட்டா கேபிளை மாற்றினேன், பிழை நின்றது. இல்லாவிட்டால் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோயில் பணத்தில் புதிது வாங்கியிருப்போம்.

யுஎஸ்பி பரவாயில்லை ரகம். பதிவில் பிழை எண் -71 என்றால் சாதனத்தோடு நடக்கும் பேச்சு முறை தவறியிருக்கிறது, -110 என்றால் பதிலே வரவில்லை. பென்டிரைவ், ஸ்கேனர், கீபோர்டு எதுவானாலும் அதே எண்ணுக்கு அதே பொருள் என்பதால் ஒருமுறை கற்றால் போதும். ஆனால் வெறும் எண்ணைப் பார்த்துப் புதியவர் என்ன செய்வார்? பிழையின் பெயரையே அச்சிடும் வசதி 2020இல் வந்த 5.5 கெர்னலிலேயே இருக்கிறது. இன்னும் பல டிரைவர்கள் அதைத் தொடவில்லை.

அதே வருடம் 5.9இல் வந்த ஒரு மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. -517 என்பது உண்மையில் பழுது அல்ல. 'நான் நம்பியிருக்கும் இன்னொரு டிரைவர் தயாராகவில்லை, அப்புறம் கூப்பிடு' என்ற தகவல். முன்பு சில டிரைவர்கள் இதையும் பெரிய பிழையாக அச்சிட்டுப் பயமுறுத்தும். இப்போது எல்லா டிரைவர்களும் அழைக்கக்கூடிய பொதுவான ஒரு ஃபங்ஷன் (சிறு நிரல்) இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் டிரைவர் இந்த விஷயத்தில் சத்தம் போடாது. காரணத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும்.

மோசமான அனுபவம், கணினியில் செருகும் ஒரு வைஃபை டாங்கிளால். கெர்னலோடு வராமல், தயாரிப்பாளர் தனியாகக் கொடுத்த டிரைவர். பதிவில் சாதனத்தின் பெயர் கிடையாது, 'தோல்வி' என்று ஒரு வரி மட்டும். கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தீவிர நிலைகள் இருக்கின்றன. இந்த டிரைவரோ பிழையையும் சாதாரணத் தகவல் நிலையிலேயே எழுதியது, அதனால் பிழைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைவிடக் கொடுமை, இணைப்பு அறுந்த பிறகும் எல்லாம் சரி என்றே மேலே சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் பொய் சொன்னால் அதற்கு மேலே இருக்கும் மென்பொருள் உண்மையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வகுப்புக்காகப் பெரியவர்களிடம் பதிவுசெய்த தேவாரப் பாடல்கள் பாதி மட்டுமே நகலாகியிருந்தது அதனால்தான்.

டாங்கிளைக் கழற்றிவிட்டு, கெர்னலிலேயே டிரைவர் உள்ள வேறொன்றைப் போட்டோம். விலை கொஞ்சம் கூடுதல். இதுவும் கரண்ட் திரும்பும்போது சில சமயம் தடுமாறுகிறது, ஆனால் தன் பெயரையும் பிழை எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. இனி எதை வாங்கினாலும், டிரைவர் கெர்னலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.