வீட்டுக்கு வரும் நர்ஸ்: காங்கேயத்துப் பக்கம் எங்கள் அனுபவம்

முதுகுத்தண்டில் அடிபட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது, கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித் தோட்டத்து வீடு. சில வருடங்களாக நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். முதலில் தனியார் ஏஜென்சி, அப்புறம் அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். இரண்டையும் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். எத்தனை தடவை வருகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஆள் தொடர்ந்து வருகிறாரா, வந்தவர் வீட்டு மனுஷர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கிறாரா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏஜென்சியில் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர். விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் திரும்பவும் சொல்ல வேண்டும். ஒரு நாள் புதிதாக வந்த பெண் யூரின் டியூப் மாற்றினார். சிறுநீர் வருகிறதா என்று பார்க்காமலே உள்ளே இருக்கும் பலூனை ஊதிவிட்டார். டியூப் நுனி சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேரவே இல்லை, வழியிலேயே நின்றிருக்கிறது. சிறுநீர் சேரும் பையில் ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே வலி தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றி குப்பென்று வேர்த்தது, முகம் சிவந்தது, தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிரஷர் 150 காட்டியது. "கொஞ்சம் அதிகம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பிவிட்டார். காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே டியூப்பை எடுத்துச் சரியாகப் போட்ட பிறகுதான் இறங்கியது.

அன்றைக்கு நடந்தது என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் அரசாங்கத் திட்டத்தில் வருகிற சிஸ்டர். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வரும் என்பது ஊருக்கே தெரியும். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் அதிலேயே இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது.

சிஸ்டர் சொன்னது இது. நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வழக்கமான பிரஷரே 100 பக்கத்தில்தான் இருக்கும். அடுத்தவருக்கு 140 பரவாயில்லை, இவர்களுக்கு அது ஆபத்து. கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று உடம்பு கத்துகிறது. பெரும்பாலும் டியூப் மடங்கியிருக்கும், இல்லையென்றால் மலம் இறுகியிருக்கும். "அக்கா, முதல்ல எழுப்பி உட்கார வைங்க, காலைத் தொங்கப் போடுங்க, இடுப்புத் துணியைத் தளர்த்துங்க, அப்புறம் டியூப்பைப் பாருங்க. அதுக்கும் இறங்கலைன்னா 108-ஐக் கூப்பிட்டுடுங்க." என்னையே செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை ராத்திரியில் அப்படி ஆனது. டியூப்பின் மடிப்பை எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது.

படுக்கைப்புண் விஷயத்தில் அவர் கற்றுக்கொடுத்ததை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். சிவப்பாகிறதா பாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? சிஸ்டர் என் புறங்கையை என் வீட்டுக்காரரின் வால் எலும்புப் பக்கம் வைத்தார். சுற்றியிருந்த தோலைவிட ஓரிடம் மட்டும் லேசாகச் சூடாக இருந்தது. விரலால் அழுத்தினால் கெட்டியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. புண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கேதான் புண் தொடங்குகிறது என்றார். அந்த இடம் பழையபடி ஆகும் வரை மல்லாக்கப் படுக்கவே விடவில்லை. தோல் உடையாமலே ஆறிவிட்டது. ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோமே, இனித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பத்தான் வேண்டும்.

பெரிய மாற்றம் என்றால், டாக்டரிடம் கேட்டு நிரந்தர டியூப்பை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரரே டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கப் பழக்கியதுதான். முதலில் ஒப்பவே இல்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை வந்தபோது, "ஏனுங்கண்ணா, பையோட கடைவீதிக்குப் போறதுக்கு உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். அது வேலை செய்தது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, அப்புறம் ஜெல்லி தடவுவது, அப்புறம்தான் டியூப் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். வருகிறவர் மாறிக்கொண்டே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இப்போது பை இல்லை, அடிக்கடி வந்த காய்ச்சலும் ரொம்பக் குறைந்துவிட்டது. நோம்பிக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வருகிறார். மாமியார் சிஸ்டரை "அம்மணி, மோராவது குடிச்சுட்டுப் போ" என்று சொல்லாமல் அனுப்புவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. வட்டாரம் முழுக்க இந்த வேலைக்கு ஒரு நர்ஸ்தான். அவர் லீவு போட்டால் நாங்கள் காத்திருக்க வேண்டியதுதான். குளிக்க வைக்க, தூக்கி உட்கார வைக்க ஆள் வரமாட்டார்கள், அது வீட்டு வேலை. டியூப், கையுறை, ஜெல்லி சில மாதம் கிடைக்கும், சில மாதம் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய்க்குப் பதில் 2,000 ரூபாயாக வருகிறது. அதில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. தினமும் டியூப் போடுகிறவர்களுக்கு இந்தப் பொருட்களை மாதாமாதம் கட்டாயமாகக் கொடுத்தே ஆக வேண்டும். மாத்திரையைப் போல இதுவும் நிறுத்த முடியாத ஒன்று.

சிஸ்டர் போட்டுக் கொடுத்த ஒரு நோட்டு கட்டிலிலேயே தொங்குகிறது. டியூப் சைஸ், பிரஷர், எந்தப் பக்கம் படுக்க வைத்தோம், எல்லாம் அதில் இருக்கும். புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்கும் வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டின் நகலையும் கொண்டுபோங்கள். டியூப் இருக்கிறது, புண் இருக்கிறது என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுகர் மாத்திரைக்கு வந்தவர் என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.