கடக்கரை வேலைக்கு எந்த போன்: பழைய பிளாக்ஷிப்பா, புது நடுத்தர 5ஜியா?

ராமநாதபுரம் கடக்கரைல நண்டு, கணவாய் வாங்கி கம்பெனிக்கு அனுப்புற வேலைல இருக்கவங்களுக்கு போன்தான் ஆபீஸ். எடை போட்ட உடனே போட்டோவும் வீடியோவும் போகணும், அங்கேர்ந்து ரேட் வரணும், ரேட் ஒத்துக்கிட்டா மீனவருக்கு ஜிபே பண்ணணும், இவ்வளவும் வாடிக்குள்ள, அதாவது சரக்கு எடுக்குற கரைக் கொட்டகைக்குள்ள, நின்ன இடத்துலயே நடக்கணும், ஐஸ் உருகுற வேகத்துக்கு யாரும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. இந்த வேலைக்குன்னே சமீபத்துல ஒரு போன் எடுத்தேன், எடுக்குறதுக்கு முன்னாடி என் முன்னால இருந்தது மூணு வழி. பதினஞ்சுலேர்ந்து இருவதாயிரத்துக்குள்ள ஒரு புது 5ஜி போன். இல்ல, கிட்டத்தட்ட அதே காசுக்கு 2020, 2021ல உச்ச வெலைல வந்த பெரிய மாடல், அதான் பிளாக்ஷிப், ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல. இல்ல, கீழக்கரை, தொண்டி பக்கம் எல்லா வீட்லயும் நடக்குற மாதிரி வெளிநாட்டுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கையில ஒண்ணு சொல்லிவிடுறது. நான் முதல் வழிலதான் போனேன், ஏன்னு சொல்றேன்.

கேமரா, டிஸ்ப்ளே, கைல புடிச்சா வர்ற கனம் இதுலல்லாம் பழைய பெரிய மாடல்தான் மேல, அதுல பேச்சே இல்ல. பேட்டரி புதுசுல நல்லாருக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

வித்தியாசம் வர்றது பேண்ட்ல, அதாவது போன் புடிக்கிற அலைவரிசைல. கடையில யாரும் இத பேசுறதில்ல, பெட்டில 5ஜின்னு போட்டிருந்தா போதும்னு நெனச்சு வாங்கிட்டு வந்துடுறாங்க. 5ஜிங்கிறது ஒரே அலைவரிசை இல்ல. 3300 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற என்78 இருக்கு, வேகமா இருக்கும், ஆனா தூரம் போகாது, சுவர், தகரம் வந்தா படுத்துடும். 700 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற என்28 இருக்கு, உச்ச வேகம் கம்மி, ஆனா ரொம்ப தூரம் வரும், கட்டடத்துக்குள்ளயும் நுழையும். 2022 ஏலத்துல 700ஐ வாங்கினது ஜியோ மட்டும்தான், அவங்க 5ஜி 4ஜி துணையில்லாம தனியா நிக்கிற எஸ்ஏ வகை, அதனால போன்ல என்28ம் எஸ்ஏவும் ரெண்டும் இருந்தாதான் அந்த தூரத்து 5ஜி உங்களுக்கு கெடைக்கும். பிஎஸ்என்எல் இப்ப போட்டிருக்க 4ஜியும் பேண்ட் 28, பேண்ட் 1 ரெண்டுலயும் ஓடுது, அதுலயும் தூரத்துக்கு வர்றது 28தான். ஆக 28ங்கிற ஒரு நம்பர் போன்ல இல்லன்னா ரெண்டு கம்பெனியோட தூரத்து சிக்னலும் ஒரே நேரத்துல போயிடும். டவுனுக்குள்ள இருக்கவங்களுக்கு இது பெரிய விஷயம் இல்ல, மூக்கையூர் பக்கமோ தேவிபட்டினம் தாண்டி உள்ள இருக்க கிராமத்துலயோ டவர் தள்ளி தள்ளி நிக்கிற எடத்துல வேல பாக்குறவங்களுக்கு இதுதான் எல்லாமே.

2020, 21ல இங்க வந்த 5ஜி போன்ல, அது எவ்வளவு வெலயானதா இருந்தாலும், பல மாடல்ல என்78 ஒண்ணோ, கூட என்41ஓ மட்டும்தான் குடுத்திருந்தாங்க. அப்ப இந்தியாவுல 5ஜியே கெடையாது, 2022 அக்டோபர்லதான் ஆரம்பிச்சாங்க, அதனால கம்பெனிக்காரங்களும் பேருக்கு ஒண்ணு போட்டு விட்டுட்டாங்க. இன்னைக்கு பதினஞ்சாயிரத்துக்கு வர்ற போன்ல என்1, என்3, என்5, என்8, என்28, என்40, என்78ன்னு வரிசையா இருக்கு. அன்னைக்கு அம்பதாயிரம் குடுத்து வாங்கின போன்ல இல்லாதது இதுல இருக்கு. எனக்கு முடிவு பண்ண இது ஒண்ணே போதுமானதா இருந்துச்சு.

இன்னொன்னு, ஸ்பீட் டெஸ்ட் பாக்குற எல்லாரும் டவுன்லோடுதான் பாக்குறாங்க. நம்ம வேலைக்கு வேண்டியது அப்லோடு. நண்டு கூடைய சுத்தி எடுத்த 20 எம்பி வீடியோ, அப்லோடு 5 எம்பிபிஎஸ் (இது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட்) இருந்தா அரை நிமிஷத்துல போயிடும், 1 எம்பிபிஎஸ்ஸா இருந்தா ரெண்டே முக்கா நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து "அண்ணே, வீடியோ இன்னும் வரலயே"ன்னு போன் வந்துடும். டவுன்லோடு நூறு காட்டும்போதே அப்லோடு ஒண்ணுல நிக்கிறத நம்ம பக்கம் நெறைய பாக்கலாம். காரணம் எளிசுதான். டவர் பல வாட் சக்தியில பேசுது, போன் திரும்பப் பேசுறது அதிகபட்சம் 0.2 வாட் அளவுலதான். டவர் மைக் செட் போட்டு பேசுற மாதிரி, போன் வெறும் தொண்டையில கத்துற மாதிரி, தூரம் கூடக்கூட அவங்க சொல்றது நமக்கு கேக்கும், நம்ம சொல்றது அவங்களுக்கு கேக்காது. இதுல என்78, பேண்ட் 40 மாதிரி மேல் பேண்ட்ல ஒரே அலைவரிசைய நேரம் பிரிச்சு ஓட்டுறாங்க, அந்த நேரத்துல பெரும்பங்கு டவுன்லோடுக்கு. 700, 850, 900 மாதிரி கீழ் பேண்ட்ல அப்லோடுக்குன்னு தனிப் பாதையே இருக்கு. அதனால வாடிக்குள்ள 5ஜின்னு மேல எழுதிருக்கும், வாட்ஸப்ல அந்த வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், செட்டிங்ஸ்ல போய் நெட்வொர்க் வகைய 4ஜிக்கு மாத்தினா சட்டுனு போயிடும். தகரக் கூரைக்கு கீழ நின்னு இத செஞ்சு பாருங்க, புரியும்.

வெளிநாட்டு போன் பத்தி. அண்ணன் தம்பி கொண்டு வந்து குடுத்தா வேணாம்னு சொல்ல முடியாது, வெலயும் குறைவா வரும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடியே மாடல் நம்பர கேட்டு பேண்ட் லிஸ்ட பாத்துடுங்க. ஒரே பேர்ல ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற பேண்ட் போட்டு விடுறாங்க. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கெடையவே கெடையாது, அதனால அந்த போன்ல இங்கத்த வோல்ட்இ, அதாவது 4ஜி வழியா கால் பேசுற வசதி, வேல செய்யலன்னா நெட் ஓடும், கால் பேச முடியாது. அமெரிக்காலேர்ந்து வர்ற ஐபோன் 14 மாடல்ல சிம் போடுற தட்டே இல்ல, போனுக்குள்ளயே பதிவு பண்ற இசிம் மட்டும்தான். பேண்ட் விஷயத்துல ஐபோன்ல 12லேர்ந்தே என்28 இருக்கு, கொறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா கடக்கரைல நாள் பூரா வச்சு நான் ஓட்டினதில்ல, வச்சிருக்கவங்க நல்லா சொல்றாங்க, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

ரெண்டு சிம் கட்டாயம் வேணும். ஏரியாவுக்கு ஏரியா மாறுது, ஒரு கம்பெனி சிம் நான் போற ஒரு கரையில அறவே எடுக்காது, இன்னொண்ணு அங்க ஜம்முனு இருக்கும், அடுத்த ஊர்ல அப்படியே தலகீழ். ஆனா பெரும்பாலான போன்ல ஒரு சிம்ல பேசும்போது இன்னொரு சிம்மோட டேட்டா நின்னுடும். ரேட் பேசிக்கிட்டே காசு அனுப்புறவங்க, கால் நேரத்துல டேட்டாவ பேசுற சிம்முக்கு மாத்துற ஆப்ஷன் செட்டிங்ஸ்ல இருக்கும், அத ஆன் பண்ணிக்கங்க, ரெண்டு சிம்லயும் டேட்டா பேக் இருக்கணும்.

உப்புக்காத்துக்கு வருவோம், இங்கதான் பழைய பெரிய மாடலுக்கு ஒரு நியாயம் இருக்கு. சார்ஜிங் பின் பச்ச புடிச்சு போறது நம்ம ஊர் போனுக்கெல்லாம் வர்ற வியாதி, வயர்லெஸ் சார்ஜிங் இருக்க போன்ல அந்த ஓட்டைய தொடவே வேணாம், இந்த வெலைக்கு வர்ற புது போன்ல அது பெரும்பாலும் கெடைக்காது. ஆனா தண்ணி புகாதுங்கிறதுக்கு ஐபி68ன்னு சொல்றத நம்பிடாதீங்க, அது நல்ல தண்ணில வச்சு பாத்த கணக்கு, கடல் தண்ணிக்கு இல்ல, அதுலயும் ஒரு தடவ தெறந்து பேட்டரி மாத்தின செகண்ட் ஹேண்ட் போன்ல பழைய சீல் அப்படியே இருக்கும்னு உத்தரவாதம் கெடையாது. ஈரக்கையோட சார்ஜ் போடாம இருக்குறதும், ராத்திரி துணியால தொடச்சு வைக்கிறதும்தான் ரெண்டு வகைக்கும் மருந்து.

தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு. தலைமன்னார் அங்கேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், தண்ணி மேல சிக்னல் தடையில்லாம வந்துடும், போன் தானா இலங்கை நெட்வொர்க்க தேடிப் புடிச்சிடும். எந்த போனா இருந்தாலும் ரோமிங்க ஆஃப் பண்ணி, நெட்வொர்க்க ஆட்டோமேட்டிக்ல விடாம நம்ம கம்பெனிய கையால தேர்ந்தெடுத்து வச்சிடுங்க. இல்லன்னா தேடித் தேடியே சார்ஜ் காலியாகிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி அதே மாடல் வச்சிருக்க யார்கிட்டயாவது அரை மணி நேரம் கடன் வாங்கி உங்க சிம்ம போட்டு பாருங்க. மத்தியானம் சும்மா கெடக்குற கரையில பாக்காதீங்க, படகு வந்து சேர்ற நேரத்துல, எல்லாரும் போனும் கையுமா நிக்கும்போது பாருங்க, அப்பதான் டவர்ல நெரிசல் தெரியும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல விசைப்படகு எறங்குதளத்துல பாத்தாலும் சரியா தெரியாது. செட்டிங்ஸ்ல சிம் ஸ்டேட்டஸ்ல சிக்னல் அளவு டிபிஎம்ல இருக்கும், மைனஸ் 90க்குள்ள இருந்தா நல்லது, மைனஸ் 115 தாண்டினா அப்லோடு திணறும். ரெண்டு போனையும் பக்கத்து பக்கத்துல ஒரே கம்பெனி சிம்மோட வச்சு ஒரே வீடியோவ அனுப்புங்க, எது முதல்ல ரெண்டு டிக் வாங்குதோ அத வாங்கிக்கங்க.