பலாலி வழியாக ஊருக்கு

கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, யாழ்ப்பாணம் வரை இரவு பஸ்ஸில் இருந்து வர இனி முதுகு இடந்தராது என்பதால், இம்முறை சென்னைக்கு வந்து அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஏறினேன். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானம். பலாலி ஓடுபாதையின் நீளத்துக்கு இப்போதைக்கு அதுதான் தோது. குடிவரவு வரிசை இருபது நிமிடத்தில் முடிந்தது. கடவுச்சீட்டைப் புரட்டிய உத்தியோகத்தர் தமிழிலேயே, "எந்த ஊர்?" என்று கேட்டார். கட்டுநாயக்காவில் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

என் இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. பாரம் கூடியதால் சென்னையிலேயே இறக்கிவிட்டார்களாம்; சிறிய விமானம் என்றால் அது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். மூன்று முறை தொலைபேசியில் கேட்ட பிறகு, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த தளம் பலாலி. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது இறங்கி ஏறியதும் இங்கேதான். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இது படைத்தளமாகி, சுற்றியிருந்த கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. தரைப்பாதை மூடியிருந்த அந்த ஆண்டுகளில், கொழும்புக்குப் போக வேண்டிய நோயாளரும் மாணவரும் இதே படைத்தளத்துக்குள் வந்துதான் விமானம் ஏறினார்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி இங்கிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது.

பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக இருப்பதைப் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினேன்.

"உள்ளை வையுங்கோ மாமா, இது காம்ப்" என்றான் அக்காவின் மகன்.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் வரும், என் பெட்டியும் கூடவே வரும். ஆனால் நீட்டுவதற்கு வேண்டிய நிலம் யாருடையது என்பதுதான் வழக்கு. 1990இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் இன்னும் முழுமையாக விடப்படவில்லை. வசாவிளான் பக்கம் திரும்பும் இடத்தில் மருமகன் வாகனத்தின் வேகத்தைக் குறைத்து, முட்கம்பிக்கு அப்பால் தன் அப்பம்மாவின் வளவைக் காட்டினான். மூன்று பனைகள் மட்டும் தெரிந்தன.