எடை கூட்ட விரும்புவோர் கவனத்திற்கு: ‘தசை கூடியது’ என்று காட்டும் அளவைத்தாளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்

எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறாதவர்களை வளைத்துப் பிடிப்பதற்கென்றே சிங்கப்பூரில் சில உடற்பயிற்சிக்கூடங்களில் ஒரு விற்பனை முறை இருக்கிறது. அதில் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான பேச்சு இன்னும் முடியாததால் அந்தக் கூடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெயரைவிட அவர்கள் கையாண்ட முறையை அறிந்துகொள்வதே மற்றவர்களுக்கு அதிகம் உதவும். பயிற்றுநர்கள் கூடம் மாறும்போது முறையும் கூடவே போய்விடுகிறது.

என் உயரம் 170 சென்டிமீட்டர், எடை 50 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்குப்படி 17.3 வருகிறது, 18.5-க்குக் கீழே இருந்தால் குறை எடை. கல்யாண வீடுகளில் ‘வீட்டில் சோறு போடுவதில்லையா’ என்று கேட்கப்படும் இனத்தைச் சேர்ந்தவன் நான். இலவச அறிமுக வகுப்புக்குப் போன அன்று, தமிழரான பயிற்றுநர் தோளில் கைபோட்டு, “தம்பி, உங்களுக்கு எக்டோமார்ஃப் உடம்பு. சாதாரணச் சாப்பாடு ஒட்டவே ஒட்டாது. அண்ணன் சொல்றதை மட்டும் செய்யுங்க, பன்னிரண்டு வாரத்துல அஞ்சு கிலோ தசை” என்றார். ஒல்லியான உடல்வாகைக் குறிக்கும் இந்த எக்டோமார்ஃப் என்ற சொல் 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் உடல்வாகையும் மனிதரின் குணத்தையும் முடிச்சுப்போடுவதற்காகச் செய்த வகைப்பாட்டிலிருந்து வந்தது. அந்தக் கோட்பாட்டை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. விற்பனை மேசைகள் மட்டும் கைவிடவில்லை. தைராய்டு, நீரிழிவு, குடல் கோளாறு போன்றவற்றாலும் எடை கூடாமல் போகலாம் என்பதால் முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுதான் முறை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

முக்கியமான சங்கதி, உடலை அளக்கும் இயந்திரம் அச்சிட்டுத் தரும் அளவைத்தாள்தான். வெறுங்காலுடன் ஏறி நின்று இரு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்ளும் அந்த இயந்திரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது உடலுக்குள் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை அளந்து, அதிலிருந்து தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்கிறது. தசையை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. கொழுப்பில்லாத திசுவில் ஏறக்குறைய 73 விழுக்காடு நீர் என்பதால், நீரை வைத்துத்தான் ஊகிக்கிறது. ஆகவே உடலில் நீர் மாறினால் தாளில் இருக்கும் ‘தசை’யும் மாறும்.

என்னை முதன்முறை அளந்தபோது, காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொன்னார்கள். அது சரியான முறைதான். பிறகு நடந்த அளவைகளெல்லாம் மாலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தன. ஏறுவதற்குச் சற்று முன்பு ஒரு பெரிய குவளை நிறைய உப்புச்சத்துப் பானத்தைக் கையில் கொடுத்து, “இதைக் குடிச்சிட்டு ஏறுங்க தம்பி” என்பார். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் தராசில் ஒரு கிலோ கூடும்; இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அதோடு அவர் தினமும் 5 கிராம் கிரியேட்டின் என்ற பயிற்சித் துணைப்பொடியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கிரியேட்டின் நன்கு ஆராயப்பட்ட பொருள்தான், ஆனால் தொடக்க வாரங்களில் அது உடலில் ஒன்றிரண்டு கிலோ நீரைத் தேக்கிவைக்கும். இவையெல்லாம் சேர்ந்து தாளில் தசைக் கோடு நீண்டுகொண்டே போனது. அந்தத் தாளை முன்னால் விரித்து, அடுத்த பயிற்சித் தொகுப்புக்கான படிவத்தையும் பக்கத்திலேயே வைத்தார்கள்.

தசை கூடியிருந்தால் தூக்கும் பளு கூடியிருக்க வேண்டும் அல்லவா? என் கைப்பேசியில் நானே குறித்துவைத்திருந்த கணக்கின்படி, மார்புக்கு மேலே தூக்கும் பளு தொடங்கிய இடத்திலேயே நின்றது. பயிற்றுநரிடம் குறிப்பேடே கிடையாது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இயந்திரங்களில் உட்காரவைத்து, வியர்க்கும்வரை விரட்டிவிட்டு, இடையிடையே கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பளுவையோ எண்ணிக்கையையோ சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் தசை வளர்ச்சிக்கு அடிப்படை. ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்தெழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குதல்), தோளுக்கு மேல் தூக்குதல் போன்ற சில பயிற்சிகளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அந்தக் கூடுதல் கண்ணுக்குத் தெரியும். வாரத்துக்கு வாரம் பயிற்சியை மாற்றினால் எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பது யாருக்கு வசதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடியது என் இடுப்புச் சுற்றளவு. அதற்குக் காரணம் தொகுப்போடு கட்டாயமாகத் தலையில் கட்டிய எடைகூட்டும் மாவு. டப்பாவின் மேல் கூடத்தின் சொந்த ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒருநாள் சமையலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி அதை உரித்தபோது, அடியில் உற்பத்தியாளரின் அசல் அட்டை முழுசாக இருந்தது. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சிங்கப்பூரின் உணவு விதி. ஆக, அது பெரும்பாலும் மாவுச்சத்து; இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் வகை. ஒருவேளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி, அதில் 250 கிராம் மாவுச்சத்து, 50 கிராம் புரதம். அதே டப்பா வெளியே பாதி விலைக்குக் கிடைக்கிறது. நீரிழிவு வாய்ப்பு அதிகமுள்ள நம் இந்தியக் குடும்பங்களில், கைகால் மெலிந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருக்கும் உடம்புக்கு இதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம்.

பலதுறை மருந்தகம் வழியாகப் பார்த்த உணவியல் நிபுணர் சொன்ன கணக்கு எளிமையாக இருந்தது. செலவாகும் கலோரிக்கு மேல் நாளுக்கு 300 முதல் 500 வரை கூடுதல். எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். எனக்கு அது 80 கிராம். காலைத் தோசையோடு இரண்டு முட்டை, மதியம் மீன்குழம்போடு ஒரு துண்டு கூடுதலாக, மாலையில் தாவ்குவா (கெட்டியான சோயா கட்டி), படுக்கும்முன் பால் என்று காப்பிக்கடைச் சாப்பாட்டிலேயே பெரும்பகுதி வந்துவிடுகிறது. இயற்கையாகப் பயிற்சி செய்யும் ஒருவருக்குப் பன்னிரண்டு வாரத்தில் ஐந்து கிலோ சுத்தமான தசை என்பது நடக்காத காரியம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பயிற்றுநரிடம் ஒட்டுத்தாள் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறியது. மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் “பசி மாத்திரை” இருக்கிறது என்று, பெயரோ தயாரிப்பாளரோ அச்சிடப்படாத சிறு பிளாஸ்டிக் பையை நீட்டினார். நான் வாங்கவில்லை, நீங்களும் தொடாதீர்கள். இப்படி விற்கப்படும் எடைகூட்டும் மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தும் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. டெக்சாமெத்தசோன் முகத்தை உப்பவைக்கும், சர்க்கரையை ஏற்றும், நெடுநாள் எடுத்தால் கைகால் தசையையே கரைக்கும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. யாரேனும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தாங்களாக நிறுத்தாமல் பையோடு மருத்துவரிடம் போகவும். சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம்.

பணம் பற்றி. வாயால் சொன்ன ‘அஞ்சு கிலோ’ ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. ஐந்து வேலைநாளுக்குள் மனம் மாறி ரத்துசெய்யும் சட்ட உரிமை, வீடுதேடி வந்து விற்கும் நேரடி விற்பனை போன்ற சிலவகை ஒப்பந்தங்களுக்கே உண்டு. கூடத்துக்கு நீங்களே நடந்துபோய்க் கட்டிய பணத்துக்கு அது தானாகப் பொருந்தாது. முன்பணமாகப் பெருந்தொகை கட்டுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2016-இல் கலிபோர்னியா ஃபிட்னஸ் இங்கே மூடப்பட்டபோது முன்கூட்டியே கட்டியிருந்த உறுப்பினர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அரசின் ஆக்டிவ்எஸ்ஜி கூடங்களில் ஒருமுறைக்கு மட்டும் கட்டணம் கொடுத்துப் பழகிப் பார்க்க முடியும்போது அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அளவைத்தாள்களை, அளந்த நேரம் தெரியும்படி, பத்திரப்படுத்துங்கள். குறுஞ்செய்திகள், ரசீது, டப்பாவின் அட்டை ஆகியவற்றையும் படமெடுத்துவையுங்கள். பயனீட்டாளர் சங்கத்தின் பேச்சில் தீரவில்லையென்றால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. ஆனால் சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டாக வேண்டும்.