மாய்தோ விடியல் படப்பயணம்: முன்பணம் அனுப்பும் முன் இதை வாசியுங்கள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வாழும் புதுச்சேரித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், மாய்தோ முகட்டிலிருந்து விடியற்காலையில் நிலக்காட்சிப் படம் எடுக்கக் கற்றுத்தருவதாக ஒருவர் விளம்பரம் செய்துவருகிறார். ஆளுக்கு 120 யூரோ. நானும் என் அக்காள் மகனும் அந்தப் பணத்தைக் கட்டிச் சென்ற ஜூலையில் அவருடன் போய்வந்தோம். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குழுவுக்குக் குழு அவர் வேறு வேறு பெயரில் வருவதால் அது பயன்படவும் செய்யாது. அவர் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன். அதைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

“அண்ணே, வெளியாருக்கு 180, நம்மவர்களுக்கு மட்டும்தான் இந்த விலை” என்று தொலைபேசியில் சொன்னார். மலை வழிகாட்டிக்கான அரசுச் சான்று தம்மிடம் இருப்பதாகவும், கேமராவை நிறுத்தக் கார்பன் முக்காலிகள் தருவதாகவும், கூட்டம் வராத இடத்துக்கு அழைத்துச் செல்வதாகவும், மாஃபாத் பள்ளத்தாக்கின் மீது முதல் வெளிச்சம் விழும் நேரத்தில் எங்களை அங்கே நிறுத்துவதாகவும் எழுத்திலும் உறுதி அளித்தார். அந்தச் செய்திகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

முதலில் நேரத்தைப் பற்றி. ஜூலையில் இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். டிசம்பரில் ஐந்தரையை ஒட்டியே எழுந்துவிடும். இந்தத் தீவு தென்கோளத்தில், மகர ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால் சூரியன் ஓரளவு செங்குத்தாகவே ஏறுகிறது. ஆகவே விடியலுக்கு முந்தைய மெல்லிய நீல வெளிச்சம் ஐரோப்பாவில் போல நீண்டு நிற்பதில்லை, ஏறத்தாழ 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் படமாக்க விரும்புகிறவர் இருட்டு கலைவதற்கு முன்பே முக்காலியை ஊன்றி, சட்டகத்தை முடிவுசெய்து, காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் மேகம் வேறு இருக்கிறது. வெயில் ஏற ஏற மேற்குச் சரிவுகளில் ஈரக்காற்று மேலெழுந்து, பெரும்பாலான நாட்களில் முற்பகலுக்குள் காட்சியை மூடிவிடும் என்பது இங்கே மலையேறும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதெல்லாம் தெரிந்த வழிகாட்டி சேன் போல் ஊரிலிருந்து ஐந்து மணிக்காவது புறப்பட்டிருக்க வேண்டும். இவர் எங்களை வரச்சொன்னது ஐந்தே முக்காலுக்கு. அவரே வந்தது அதற்கும் பிறகு. வழியில் பெதித் பிரான்ஸில் இன்னொருவரை ஏற்றிக்கொள்ள வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் முகட்டை அடைந்தபோது கீழ்வானம் வெளுத்து முடிந்திருந்தது. பள்ளத்தாக்குக்குள் மூடுபனி புகுந்து, வெளிச்சம் சாம்பல் நிறமாகத் தட்டையாகிக் கிடந்தது.

மூடுபனி குற்றமல்ல. மங்கலான வெளிச்சத்திலும் மாஃபாத்தை அழகாக எடுக்க முடியும். சொல்லப்போனால், அடுக்கடுக்கான மலைவரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப்போவது அப்படிப்பட்ட காலைகளில்தான் நன்றாகத் தெரியும். அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளத்தான் பணம் கட்டினோம். அவரோ கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றிக்கொண்டு கையிலேயே பிடித்து எடுக்கச் சொன்னார். முக்காலி இருக்கும்போது ஐ.எஸ்.ஓ. 100லேயே நிறுத்தி, லென்சின் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவில் வைத்து, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்திருக்க விடுவதும், லென்சின் அதிர்வுத் தடுப்பை அணைப்பதும், விரல் அழுத்தம் படாமலிருக்க இரண்டு விநாடித் தாமதத்தில் எடுப்பதும் அடிப்படைப் பாடங்கள். வானத்துக்கும் நிழலில் கிடக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்க முடியாதபோது, வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பிறகு இணைக்கலாம், அல்லது லென்சின் முன் பொருத்தும் பாதி கருத்த வடிகட்டியைப் பயன்படுத்தலாம். வடிகட்டியைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் போட்டோஷாப்பில் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே” என்றார்.

ஆனால் என்னை இந்தப் பதிவை எழுதவைத்தது அந்த அறியாமையன்று. அவர் எங்களை நிறுத்திய இடம். கூட்டம் வராத இடம் என்று அவர் சொன்னது, பார்வைமேடையின் கம்பித்தடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கிய ஒரு புல்சரிவு. மாய்தோ முகடு சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேர் கீழே தெரியும் ரோஷ் பிளாத் குடியிருப்பு ஏறக்குறைய 1,100 மீட்டரில் இருக்கிறது. இடையில் இருப்பது சுவர்போன்ற பாறைச் செங்குத்து. அதன் விளிம்பில் உள்ளது உதிரும் எரிமலைப் பாறையும், பனியில் நனைந்த புல்லும், பிடித்தால் வேரோடு வந்துவிடக்கூடிய சிறு புதர்களும்தான். மூடுபனியில் அங்கே இறங்கச் சொல்பவர் சான்று பெற்ற வழிகாட்டியாக இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே பட்டது; என் மருமகனையும் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் முக்காலியை மட்டும் தடுப்பை ஒட்டிய சாய்வில் ஊன்றினான்.

கார்பன் முக்காலி என்று வாக்களித்த இடத்தில் அவர் கொடுத்தது மெலிந்த அலுமினிய முக்காலி. ஒரு காலின் பூட்டு தேய்ந்திருந்தது. சரிவில் நிறுத்தும்போது இரண்டு கால்களைப் பள்ளப் பக்கமாக நீட்டி, ஒன்றை மேட்டுப் பக்கம் குறுக்கி, நடுத்தண்டை உயர்த்தாமல், அடியில் பையைத் தொங்கவிட வேண்டும். இவற்றை எல்லாம் பையன் சரியாகத்தான் செய்தான். ஆனாலும் பள்ளப் பக்கக் கால் ஒன்று எடை தாங்காமல் உள்ளே சரிந்து, கேமராவோடு முக்காலி சாய்ந்தது. கழுத்துப்பட்டையை அவன் கையில் சுற்றியிருந்ததால் கேமரா தப்பியது. லென்சின் முன்வளையம் நசுங்கியது. அதற்கு அவர் சொன்ன பதில், “மலையில் இதெல்லாம் சகஜம்.”

வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய விளம்பரப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். மாய்தோ, மாஃபாத்தின் மேற்கு விளிம்பு. அங்கே நிற்பவர் கிழக்கே, 3,071 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜையும் குரோ மோர்னையும் நோக்கித்தான் நிற்கிறார். ஆகையால் விடியலில் சூரியன் எதிரே எழும். அந்த மலைகள் நிழலுருவாகத் தெரியும். பள்ளத்தின் அடியில் வெயில் விழ மேலும் நேரமாகும். “மாய்தோ விடியல்” என்று அவர் போட்டிருந்த படங்களில் அதே மலைகளின் நம்மை நோக்கிய முகம் பொன்னிறமாக ஒளிர்கிறது. அந்த ஒளி மேற்கிலிருந்து, அதாவது மாலையில்தான் வர முடியும். மாலைப் படங்களைக் காட்டி விடியலை விற்கிறார். யாருடைய விளம்பரமானாலும், இடத்தின் திசையையும் நிழல் விழும் பக்கத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “வானத்தை நான் விற்கவில்லையே அண்ணே” என்றார். வானத்தைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. புறப்படும் நேரம், முக்காலி, நிறுத்தும் இடம், கற்றுக்கொடுக்கும் அறிவு ஆகிய நான்கும் அவர் கையில் இருந்தவை; நான்கிலும் வாக்குத் தவறினார். பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பிரெஞ்சுச் சட்டப்படி, ஊதியம் பெற்று மலையில் ஆட்களை வழிநடத்துபவர் உரிய அரசுச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியகத்தில் தம்மைப் பதிவுசெய்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தொழில் அட்டை வைத்திருக்க வேண்டும். அட்டையைக் கேளுங்கள், உண்மையில் அது உள்ளவர்கள் கேட்டால் கோபப்படமாட்டார்கள். 25 யூரோவுக்கு மேற்பட்ட சேவைக்கு ரசீது தருவதும் கடமை. இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் ரத்துசெய்யும் உரிமை, நாள் குறிக்கப்பட்ட பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அதனால்தான் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே விசாரிக்கச் சொல்கிறேன்.

நுகர்வோர் புகாருக்கான அரசின் சிக்னல் கோன்சோ தளத்தில் பதிவுசெய்துவிட்டேன். அடுத்ததாக, கட்டணமில்லாமல் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நீதித்துறைச் சமரசரிடம் போகிறேன். இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், வங்கிப் பரிமாற்றச் சான்றையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுக்களை ஒரே சமயத்தில் கொடுக்கலாம்.