இணையத்தில் பெரிய பொருள் வாங்குவோருக்கு: திரும்ப வரும் பணம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

இணையக் கடைகளில் பெரிய தொகைக்குப் பொருள் வாங்குபவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் பிழையாக வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால், அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வருமா, செயலிக்குள் இருக்கும் அவர்களுடைய 'பணப்பை'க்குப் போகுமா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். எங்கள் வீட்டுக் காசு 52,000 ரூபா அந்தப் பணப்பைக்குள் கிடக்கிறது. அதைக் கொண்டு அதே செயலியில் சட்டை வாங்கலாம், சப்பாத்து வாங்கலாம். காசாக ஒரு சதமும் எடுக்க முடியாது.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் மற்றச் செயலிகள் எல்லாம் பாதுகாப்பானவை என்று யாரும் எண்ணிவிடக்கூடும் என்ற பயமும் இருக்கிறது.

அப்பாவுக்குப் புன்னாலைக்கட்டுவனில் தோட்டம். வெங்காயம் பாதி வளர்ந்து நிற்கும்போது மோட்டர் எரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் கிணற்று நீரை நம்பித்தான் விவசாயம். செம்மண்ணில் சில நாட்கள் இறைப்புத் தவறினால் வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கிவிடும். அதனால் அவசரம். சுன்னாகத்துக் கடையில் கேட்ட விலையைவிடச் செயலியில் சில ஆயிரம் ரூபா குறைவு, வீட்டு வாசலுக்கே வரும் என்றும் போட்டிருந்தார்கள். அப்பாவின் பெயரில் கணக்கைத் திறந்து, அவருடைய வங்கி அட்டையால் பணத்தைக் கட்டினோம். எடுத்தது 2 அங்குல வாயுள்ள மோட்டர். பணம் கட்டுவதற்குச் செயலி எங்களிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வந்தது 1 அங்குல மோட்டர். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் நாங்கள் கேட்ட இலக்கம், உள்ளே வேறு இயந்திரம். வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு நீர் ஏற்றத்தான் அது உதவும். குழாயின் விட்டம் பாதியானால் நீர் போகும் வழி நாலில் ஒன்றாகிவிடும். அதை வைத்துத் தோட்டம் இறைக்க முடியாது என்பது கிணற்றடியில் நின்ற எவருக்கும் தெரியும்.

செயலியில் 'திருப்பி அனுப்பு' என்ற இடத்துக்குப் போனேன். காரணத்தை நாமாக எழுத இடம் இல்லை, அவர்கள் தந்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். நிறம் பிடிக்கவில்லை. அளவு பொருந்தவில்லை. மனம் மாறிவிட்டது. வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது. நீங்கள் பிழையான பொருளை அனுப்பிவிட்டீர்கள் என்று சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. துணிக்கடைக்காக எழுதிய பட்டியலை மோட்டருக்கும் அப்படியே போட்டிருக்கிறார்கள். அதுமட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள எந்தக் காரணத்தைத் தெரிவுசெய்தாலும் அது வாங்கியவருடைய காரணமாகவே பதிவாகிறது, திருப்பி அனுப்பும் செலவும் வாங்கியவர் தலையில் விழுகிறது. தங்கள் பிழையைப் பதிவு செய்வதற்கே இடமில்லாத படிவத்தை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். இதை எத்தனை பேர் பார்த்துச் சரி என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

உரையாடல் பெட்டியில் பதில் சொல்வது மனிதர் அல்ல, இயந்திரம். 'நாங்கள் வாங்கியது 2 அங்குல மோட்டர், வந்திருப்பது 1 அங்குல மோட்டர்' என்று தமிழில் எழுதினேன். 'வணக்கம்! இன்றைய சலுகைகளைப் பார்க்க விரும்புகிறீர்களா?' என்று பதில் வந்தது. அதையே ஆங்கிலத்தில் எழுதியபோது சற்றுப் புரிந்துகொண்டது. பொருள் எங்கள் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்ததும் முழுத் தொகையும் நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்பி வரும் என்று தெளிவாகச் சொன்னது. அந்தத் திரையை அப்போதே படம் எடுத்து வைத்தேன். இன்று என் கையில் இருக்கும் மிகப் பெரிய சான்று அதுதான்.

பொதியை வந்து எடுத்துச் செல்லவும் மறுத்துவிட்டார்கள். முகவரியை உறுதிப்படுத்த முடியவில்லை என்று செயலி சொன்னது. கொண்டுவந்து தந்த கூரியர் தம்பி அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, கோயிலடியால் திரும்பி ஒழுங்கைக்குள் எப்படி வருவது என்று கேட்டு வந்து சேர்ந்தவர். கொண்டுவரும்போது தெரிந்த முகவரி, திருப்பி எடுக்கும்போது தெரியாமல் போனது. ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணம் நகரத்துக்குக் கொண்டுபோய், எங்கள் செலவில் கூரியரில் போட்டோம். அங்கே நிறையை எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் பொருள் இருக்கவில்லை என்று பின்னர் அவர்கள் சொன்னால், அந்த நிறைதான் உங்களுக்காகப் பேசும்.

பணம் திரும்பும் இடம் இன்னும் மோசம். திரையில் பெரிய பச்சைப் பொத்தானில் 'உடனடியாகப் பெறுக' என்று இருக்கும். அதை அழுத்தினால் பணம் அவர்களுடைய பணப்பைக்குப் போய்விடும். வங்கிக்கு அனுப்பும் வழி அதற்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. பொத்தான் மாதிரியே தெரியாது. அதைத் தேடிப் பிடித்துத்தான் அழுத்தினேன். அடுத்துப் படிவம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை 12 இலக்கங்களில் கேட்டது. அப்பாவிடம் இருப்பது 9 இலக்கமும் V எழுத்தும் உள்ள பழைய அட்டை. 2016க்கு முன்னர் அட்டை எடுத்த எல்லோரிடமும் அப்படித்தான் இருந்தது, இன்றும் அதையே பலர் வைத்திருக்கிறார்கள். அந்த வயதினர் பொருள் வாங்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்ற நிலைமை. உங்கள் வீட்டிலும் இப்படித் தடைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது: பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். 12 இலக்கம் கிடைத்துவிடும். எங்களுக்கு அந்தப் படிவம் அதை ஏற்றுக்கொண்டது.

உறுதிப்படுத்தும் இலக்கம் அப்பாவின் கைத்தொலைபேசிக்கு வரும். அது பொத்தான் வைத்த சின்னத் தொலைபேசி. அவர் கிணற்றடியில் நிற்பார். கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

எல்லாவற்றையும் கடந்த பிறகு 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்தது. எங்கள் ஊரில் தந்தையின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வங்கிப் புத்தகத்தில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். செயலியோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் முழுதாக எழுதச் சொல்கிறது, பின்னர் அதை வங்கிப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. இந்த நாட்டில் வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு இந்த நாட்டுத் தமிழரின் பெயர் எப்படி எழுதப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். பெயர் பொருந்தாததால் வங்கிக்கு அனுப்பும் முயற்சி தோல்வி, ஆகவே தொகை தானாகவே பணப்பைக்கு மாற்றப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. எங்களைக் கேட்கவில்லை. நாங்கள் சம்மதிக்கவில்லை. அதே நிமிடத்தில் முறைப்பாட்டின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று விழுந்தது. முறைப்பாடு மூடப்பட்டதும் உரையாடல் முழுவதும் மறைந்துவிட்டது. நான் எழுதியதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. சேவையை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் திரையில் நின்றன.

தொலைபேசியில் தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொல்வார்கள். அழுத்தி, இசையைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தால், எடுப்பவர் சிங்களத்தில் பேசுவார். எனக்குக் கிடைத்த பிள்ளை மிகவும் மரியாதையாக, தனக்குத் தெரிந்த தமிழில், "மிஸ், எனக்கும் இதுதான் தெரிகிறது, மூடியதைத் திறக்க எங்களுக்கு வழி தரவில்லை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் பார்க்கும் அதே திரைதான் அவருக்கும் தெரிகிறது. நாள் முழுவதும் எங்கள் ஏச்சை வாங்குவதற்கு அவரை உட்கார்த்திவிட்டு, எதையும் திருத்தும் அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி என்று பின்னர் பேசியவர், உரையாடல் இயந்திரம் சொன்னது பொதுத் தகவல், நிறுவனத்தின் வாக்குறுதி அல்ல என்றார்.

இந்த வாதம் வேறிடத்தில் சொல்லப்பட்டுத் தோற்ற வாதம். கனடாவில் எயார் கனடா நிறுவனத்தின் உரையாடல் இயந்திரம், பாட்டியின் மரணத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றிப் பிழையான தகவலைக் கொடுத்தது. அந்த இயந்திரம் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்றுகூட நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, இணையத்தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. அந்தப் பயணி உரையாடல் இருந்த திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். கனடாத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டாது. ஆனாலும் என் முறைப்பாட்டில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

இதெல்லாம் கவனக்குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை, பணம் திரும்பும் பக்கத்தில் மட்டும் எல்லாம் பிழை. 'பிரைம்' என்ற கட்டணச் சந்தாவில் சேருவதைச் சுலபமாகவும் விலகுவதைச் சிக்கலாகவும் செய்து வைத்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் அமேசான் மேல் 2023இல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டொலருக்கு அது இணக்கமாக முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. பொத்தானை எங்கே வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது என்பதெல்லாம் தற்செயலாக நடப்பதில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செயலிக்குள் நடப்பதைச் செயலியே பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். ஓடர் பக்கம், விலை, பொருளின் விவரம், உரையாடல் எல்லாவற்றையும் முறைப்பாடு மூடப்படும் முன்னர் படம் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள், ஒட்டியிருக்கும் தாளும் உள்ளே உள்ள இயந்திரத்தின் தகடும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். அட்டையால் கட்டியிருந்தால் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள், திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். நாங்கள் கொடுத்தபோது, பணம் ஏற்கெனவே திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் வங்கிக்குப் பதில் அனுப்பியது. பணப்பைக்குள் போட்டதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வங்கிக்கு இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறோம். வங்கியே இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் பேசலாம்.

பொருள் பற்றிய முறைப்பாட்டுக்கு உரிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. தொலைபேசி 1977. தொலைபேசியோடு நிறுத்திவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். செயலியோடு மாரடித்துக்கொண்டிருந்தால் அந்த மூன்று மாதமும் போய்விடும். உரையாடல் பெட்டியும் காத்திருப்பு இசையும் உங்கள் நாட்களைத்தான் தின்கின்றன. முதல் பதில் சரியில்லை என்றால் அன்றே கடிதத்தை எழுதத் தொடங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது, அரச அலுவலகம் ஒன்றில் மொழிக்காகத் தயங்க வேண்டியதில்லை. நாங்கள் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கூரியர் பற்றுச்சீட்டின் பிரதி இல்லை என்று சொல்லி எடுத்து வரச் செய்தார். இத்தனை நாளில் எங்கள் காகிதத்தை முழுதாக வாசித்த முதல் மனிதர் அவர்.

தோட்டத்துக்குச் சுன்னாகத்துக் கடையில்தான் மோட்டர் வாங்கினோம். கடைக்காரர் அப்பாவிடம், "அண்ணை, கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள், இறைக்கவில்லை என்றால் பின்னேரமே கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். ஓரத்து வெங்காயத் தரைகள் சில அதற்குள் கருகிவிட்டன. "பிள்ளை, அந்தக் காசை விட்டுவிடு" என்கிறார் அப்பா. நான் விடுவதாக இல்லை.

இதே மாதிரிப் பணப்பைக்குள் காசு மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், வாங்கிய திகதியை இன்றைக்கே பாருங்கள். மூன்று மாதம் முடிய ஒரு வாரமே இருந்தாலும் கடிதத்தைக் கொடுத்துவிடலாம். கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று தெரியாவிட்டால் கேளுங்கள், நாங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியைத் தருகிறேன்.